ஒரே பதில் எத்தனை பேருக்குப் போகும்?

ஒரு செய்தித்தளத்தின் முகப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வலது மூலையில் சின்னதாக "வணக்கம், கலா" என்று இருக்கிறது. மீதிப் பக்கம் முழுக்க எல்லோருக்கும் ஒன்றுதான். அதே தலைப்புகள், அதே படங்கள், அதே வரிசை. அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் பக்கத்தை ஒரே ஒரு தடவை தயாரித்து, உலகமெங்கும் பரவிக் கிடக்கும் கேஷ் சர்வர்களில் நகல் வைத்து, கோடிப் பேருக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த இரண்டு சொற்கள் இருப்பதால், மூலச் சர்வர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் முழுப் பக்கத்தையும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறது.

இணையச் சேவைகளைக் கட்டுகிறவர்கள் கூடும் எந்தக் கூட்டத்திலும் இரண்டு கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்து உட்காரும். பயனர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்றபடி இருக்க வேண்டும். பயனர்கள் பத்து மடங்கு பெருகினாலும் தாங்க வேண்டும். இரண்டையும் கேட்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். இரண்டுக்கும் இழுபறி வந்தால் இன்னும் கொஞ்சம் சர்வர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு இது சர்வர் கணக்காகத் தெரியவில்லை. ஒரு கேள்விக்கு எத்தனை வெவ்வேறு பதில்கள் இருக்கலாம், அந்த வேறுபாட்டை யார் நினைவில் வைத்திருப்பது, இவ்வளவுதான் கணக்கு. பல வருடமாக இந்த வேலையில் புழங்கியதில், யார் எந்த வடிவமைப்பைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டைத்தான்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஹெச்டிடிபி பிறக்கும்போதே மறதியோடு பிறந்தது. கோரிக்கை வரும், பதில் போகும், அதோடு சர்வர் உங்களை மறந்துவிடும். வலை அவ்வளவு வேகமாகப் பெருக முடிந்ததில் இந்த மறதிக்குப் பெரிய பங்கு உண்டு. யாரையும் நினைவில் வைக்க வேண்டாம் என்றால், எந்தக் கோரிக்கையை எந்தச் சர்வர் எடுத்தாலும் ஒன்றுதானே. 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுலி குக்கி என்ற சின்ன அடையாளக் குறிப்பைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. நினைவைச் சர்வரின் தலையில் கட்டாமல் பிரவுசர் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் காட்டச் சொல்லிவிட்டார். விளம்பரக்காரர்கள் செய்த கூத்தால் குக்கிக்கு இன்று நல்ல பெயர் இல்லை. இருந்தாலும் ஒரு பொறியியல் முடிவாகப் பார்த்தால், கோடிப் பேரின் நினைவைக் கோடிப் பேரிடமே பிரித்துக் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

சிக்கல் நடுவில் நிற்கும் கேஷுக்குத்தான். குக்கியோடு ஒரு கோரிக்கை வந்தால் அதற்கான பதில் அந்த ஒருவருக்கே உரியதாக இருக்கலாம். நகலை இன்னொருவருக்குக் கொடுத்தால் வம்பு. அதனால் வார்னிஷ் போன்ற கேஷ் மென்பொருள், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, குக்கி வந்த கோரிக்கையைக் கையில் தொடாமல் மூலச் சர்வருக்குத் தள்ளிவிடும். பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாத, யார் வந்தார் போனார் என்று எண்ணுவதற்காக மட்டும் போட்ட குக்கியாக இருந்தாலும் இதே கதிதான்.

சரி, குக்கி வேண்டாம், சில வகைகளாகப் பிரித்து நகல் வைப்போம் என்று அடுத்த யோசனை வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மொழி 12. கைபேசி, டேப்லெட், கணினி என்று சாதனம் 3. உள்நுழைந்தவர், நுழையாதவர் என்று 2. நாணயம் 8. அப்புறம் எந்தப் பொத்தான் நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சோதனை, அதில் 4 வடிவங்கள். பெருக்கிப் பாருங்கள்: 2,304. ஒரே பக்கத்துக்கு 2,304 நகல்கள். 2,304 வேண்டும் என்று யாரும் எந்தக் கூட்டத்திலும் கேட்கவில்லை. மொழிக்காரர் 12 கேட்டார், சோதனைக்காரர் 4 கேட்டார், அவ்வளவுதான். பெருக்கல் தானாக நடந்தது. வருகிற கூட்டம் இத்தனை நகல்களுக்கும் பிரிந்து போவதால், அதிகம் பேர் கேட்காத நகல் ஒவ்வொன்றும் இரண்டாவது ஆள் வருவதற்குள் காலாவதியாகிவிடும். கேஷ் நிரம்பித்தான் இருக்கும், ஆனால் யாருக்கும் பயன்படாது. பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் நீண்ட அடையாள வரியை அப்படியே பிரிப்புக்கு எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பதிப்பு எண்ணும் ஒரு தனி நகலாகும்.

தனிப்பட்ட துண்டை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக அனுப்புவதுதான் பிழைக்கும் வழி. 2001-இல் அக்காமாய், ஆரக்கிள் உள்ளிட்ட நிறுவனங்கள் எட்ஜ் சைடு இன்க்ளூட்ஸ் என்று ஒன்றை முன்வைத்தன. பக்கத்தில் ஓர் ஓட்டை விட்டு, "இந்த இடத்தை மட்டும் கேட்டு நிரப்பு" என்று பயனருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரத்துச் சர்வரிடம் குறிப்பு எழுதிவிடுவது. இன்று பெரும்பாலும் அந்த வேலையைப் பிரவுசரே பார்க்கிறது. பக்கம் முழுவதும் கேஷிலிருந்து வந்து விழும், பிறகு ஒரு சின்னக் கோரிக்கை போய்ப் பெயரை எடுத்து வரும். இதிலும் ஒரு எரிச்சல் உண்டு. பெயர் அரை நொடி தாமதமாக வந்து உட்காரும்போது பக்கம் கீழே துள்ளும், நீங்கள் தொடப் போன இணைப்பு நழுவி வேறொன்று விரலில் மாட்டும். இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் போதும். ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

கேஷ் பயந்து ஒதுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடைக்குள் நுழைந்த பலருக்கு வேறு யாருடைய கணக்கு விவரமோ திரையில் வந்தது. கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கக் கேஷ் விதிகளை அவசரமாக மாற்றியதில், உள்நுழைந்தவர்களின் பக்கங்களும் பொது நகல்களாகச் சேமிக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளியில் தெரிந்திருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பிறகு அறிவித்தது. சுமை ஏறும்போது கை போகும் இடத்தைக் கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்துவிடலாம் என்றுதான் போகும். எந்தப் பதில் யாருடையது என்பதைச் சுமை இல்லாத நாளில், பதற்றம் இல்லாத தலையோடு பிரித்து வைத்திருக்க வேண்டும்.

வலைத்தளக்காரர்கள் இதில் மாட்டுவதற்கு முன்பே ரூட்டர்காரர்கள் இந்தச் சண்டையைப் போட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

1990-களின் தொடக்கத்தில், குரலும் வீடியோவும் இணையத்தில் போக வேண்டும் என்றால் என்ன செய்வது என்று யோசித்தார்கள். 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1633 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை), இன்ட்சர்வ் என்ற வடிவமைப்பை விவரித்தது. நீங்கள் ஓர் அழைப்பைத் தொடங்கினால், அந்த அழைப்புக்கென்று வழி நெடுகிலும் ஒவ்வொரு ரூட்டரிலும் இடம் பிடித்து வைக்கப்படும். இடம் பிடிக்கும் நெறிமுறை ஆர்எஸ்விபி, 1997-இல் வெளியானது. ஒருமுறை பிடித்தால் போதாது, இன்னும் வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான இயல்பான இடைவெளி 30 நொடி. ஒரு தனி மனிதருக்கு இதைவிட மரியாதையான சேவை கிடையாது. உங்கள் அழைப்பு உங்கள் அழைப்பாகவே பார்க்கப்படும்.

இப்போது நட்ட நடுவில் இருக்கும் முதுகெலும்பு ரூட்டரின் பக்கமிருந்து பாருங்கள். அதன் வழியே ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான ஓட்டங்கள், அதாவது தனித்தனி அழைப்புகளும் இணைப்புகளும், போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, ஒவ்வொன்றுக்கும் 30 நொடிக்கொரு நினைவூட்டல், வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) எடுத்து இது யாருடையது என்று பட்டியலில் தேடும் வேலை. பயனர்கள் இரட்டித்தால் ரூட்டரின் நினைவுச் சுமையும் இரட்டிக்கும். அவர்கள் ஒரு பைட் அனுப்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்றாலும், இணைந்திருக்கிறார்கள் என்பதே சுமை.

1998-இல் டிஃப்சர்வ் என்ற மாற்று வடிவமைப்பு வந்தது. பாக்கெட்டின் தலைப்பில் 6 பிட் இடம். ஆறு பிட்டில் எழுதக்கூடியது மொத்தம் 64 குறியீடுகள். நடைமுறையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில வகுப்புகளைத்தான் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் யார், எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள், இது குரலா கோப்பா என்கிற விசாரணை எல்லாம் வலையின் ஓரத்தில், நீங்கள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரே ஒரு முறை. அங்கே ஒரு குறியீடு ஒட்டப்படும். நடுவில் இருக்கும் ரூட்டர் குறியீட்டை மட்டும் பார்த்து வரிசையில் விடும். அதற்கு உங்களைத் தெரியாது. பத்துக் கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தாலும் அதன் கண்ணுக்குக் குறியீடு 64-ஐத் தாண்டாது.

இதில் இழந்ததும் உண்டு. உங்கள் அழைப்புக்கு உறுதி என்பது போய், குரல் வகுப்புக்கு நல்ல கவனிப்பு என்றாகிவிட்டது. அந்த வகுப்பில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ந்தால் எல்லோர் குரலும் சேர்ந்தே கரகரக்கும். அதனால் எவ்வளவு பேரை உள்ளே விடுவது என்ற கட்டுப்பாட்டையும் ஓரத்திலேயே வைக்க வேண்டியிருந்தது. ஆர்எஸ்விபி செத்துப்போகவில்லை என்பது இன்னொரு சுவாரசியம். தனி அழைப்புகளை விட்டுவிட்டு, எம்பிஎல்எஸ் சுரங்கங்களுக்கு, அதாவது ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டுகளுக்கு இடம் பிடிக்கும் வேலைக்கு மாறி, அங்கே நன்றாகவே பிழைத்துக்கொண்டது.

தனக்கென்று கேட்கும் சலுகையின் செலவு எப்போதும் கேட்டவர் தலையில் விழுவதில்லை. எந்த முகவரிக்கு எந்த வழி என்று நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையின் உலகளாவிய வழித்தட அட்டவணையில் இது பச்சையாகத் தெரியும். ஒரு நிறுவனம் தன் முகவரித் தொகுதி முழுவதையும் ஒரே வரியாக அறிவிக்கலாம். இந்தத் துண்டு இந்த வழியாக வரட்டும், அந்தத் துண்டு அந்த வழியாக வரட்டும் என்று நாலாக உடைத்தும் அறிவிக்கலாம். உடைப்பதால் நன்மை அந்த நிறுவனத்துக்கு, கூடுதல் மூன்று வரிகளைச் சுமப்பது உலகத்தில் உள்ள முழு அட்டவணை ரூட்டர்கள் அத்தனையும். 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 512K வரிகளை, அதாவது ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல், தொட்டது. பழைய ரூட்டர்கள் பலவற்றில் அதற்கான நினைவகம் அந்த எல்லையோடு முடிந்தது. ஆங்காங்கே இணையம் தள்ளாடியது. இன்று பழைய முகவரி முறையான ஐபிவி4-இன் அட்டவணை மட்டும் 9 லட்சம் வரிகளுக்கு மேல்.

தளத்தின் பெயரைச் சர்வரின் முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ்ஸிலும் இதே கதை நடந்தது. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்குப் பக்கத்துச் சர்வரின் முகவரியைச் சொல்லலாமே என்று, கேட்பவருடைய முகவரியின் முன்பகுதியையும் கேள்வியோடு அனுப்பும் ஏற்பாடு வந்தது. வீடியோ வேகமாக வந்தது. அதே சமயம், ஒரு பெயருக்கு ஒரு பதில் என்று வைத்திருந்த இடைச் சர்வர், ஒரு பெயருக்கு ஆயிரக்கணக்கான பதில்களை வைக்க வேண்டியதாயிற்று. கேட்பவரின் அடையாளம் கசிவதும் சேர்ந்தது. இதை விவரிக்கும் 2016-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 7871, இந்த வசதி இயல்பில் அணைந்தே இருக்கட்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒரு நெறிமுறையை எழுதிவிட்டு, தேவையில்லாமல் போடாதீர்கள் என்றும் சேர்த்து எழுதுவது இத்தகைய ஆவணங்களில் அபூர்வம்.

சேவை வழங்குநர்களின் வேலைக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு வகைச் சலுகை தெரிந்திருக்கும். சந்தாதாரர் இணையும்போது, அவர் யார் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் அவருடைய திட்டத்தைச் சொல்லும், ஓரத்தில் இருக்கும் சாதனம் அதற்குரிய வார்ப்பை, அதாவது தயாராக எழுதி வைத்த அமைப்பை, போடும். பத்து வார்ப்புகளை வைத்துக்கொண்டு பத்து லட்சம் பேரைக் கையாளலாம். பிறகு ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவார். "இவருக்கு மட்டும்" என்று கான்ஃபிகரேஷனில் ஒரு வரி சேரும். அதன் மேலே குறிப்பு இருக்காது. இருந்தாலும் "தற்காலிகம்" என்று இருக்கும். அந்த வரியைப் போட்டவர் வேலை மாறிப் போன பிறகும் வரி அங்கேயே இருக்கும். சாதனத்தை மாற்றும்போது அதை எடுக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது, எடுக்கத் துணிவும் வராது. என் கருத்தில், ஒருவருக்காகப் போடும் விதிவிலக்கை பதினொன்றாவது வார்ப்பாக எழுத முடியவில்லை என்றால் அதை விற்கவே கூடாது. விற்பனைப் பிரிவினர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும்.

நெட்வொர்க்குக்கு மேலே, ஆப்களின் உலகத்தில், எப்போது செய்து வைப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. 2012 வாக்கில் ட்விட்டரில் நொடிக்குச் சராசரியாக 4,600 பதிவுகள் எழுதப்பட்டன, முகப்பு ஓடையைக் கேட்டு நொடிக்கு 3 லட்சம் கோரிக்கைகள் வந்தன. முகப்பு ஓடை ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொருவரும் கேட்கும்போது அவர் பின்தொடரும் ஆட்களின் பதிவுகளை எல்லாம் தேடித் தொகுப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் எழுதும்போதே வேலையை முடித்தார்கள். ஒருவர் எழுதியதும் அவரைப் பின்தொடரும் ஒவ்வொருவரின் ஓடையிலும் போட்டுவிடுவது. சராசரியாக 75 பேர் பின்தொடர்ந்தால் 4,600 எழுத்து 3,45,000 எழுத்தாகும். பரவாயில்லை, தாங்கும். ஆனால் சராசரி என்பது ஒரு மாயை. 3 கோடிக்கு மேல் பின்தொடர்பவர்கள் உள்ள பிரபலம் ஒருவர் "காலை வணக்கம்" என்று போட்டால், அது 3 கோடி எழுத்து. கடைசியில் கலப்பு முறைக்குப் போனார்கள். சாதாரண ஆட்கள் எழுதினால் உடனே பரப்புவது, பிரபலங்கள் எழுதியதை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் நேரத்தில் சேர்ப்பது. எல்லோரும் கேட்கும் பதில் ஒரு நகலாக இருந்தால் போதும் என்ற பழைய பாடம்தான், வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது.

பொருள்களைப் பரிந்துரைப்பது பற்றி அமேசான் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான். அப்போது 2.9 கோடி வாடிக்கையாளர்கள். உங்களைப் போன்ற மனிதர்களைத் தேடினால் 2.9 கோடியையும் துழாவ வேண்டும். அவர்கள் பொருளுக்கு ஒத்த பொருள் எது என்ற அட்டவணையை முன்கூட்டியே, ஓய்வு நேரத்தில் கணக்கிட்டு வைத்தார்கள். நீங்கள் வரும்போது உங்கள் கையில் இருக்கும் சில பொருள்களுக்கு மட்டும் அட்டவணையைப் புரட்டினால் போதும். அட்டவணை எல்லோருக்கும் பொது, எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பது மட்டும் உங்களுடையது.

நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் பரிந்துரைத் துல்லியத்தை 10 சதவீதம் உயர்த்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்து, 2009-இல் கொடுத்தும் விட்டது. வென்ற முறையை அப்படியே பயன்படுத்தவில்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியத்துக்கு அதைக் கட்டியெழுப்பும் உழைப்பு தகாது என்று பிறகு அவர்களே எழுதினார்கள். போட்டியின் முதல் ஆண்டில் கிடைத்த இரண்டு எளிய முறைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் வீடியோ விநியோகத்தைப் பாருங்கள். எந்தப் படத்தை எந்த வரிசையில் காட்டுவது, எந்த முகப்புப் படத்தைப் போடுவது எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. பொத்தானை அழுத்தியதும் வருகிற வீடியோக் கோப்பு எல்லோருக்கும் ஒன்று. கூட்டம் குறைந்த நேரத்தில் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்த பெட்டிகளில் நிரப்பி வைக்கப்பட்ட ஒன்று. கிலோபைட்டில் தனித்தன்மை, ஜிகாபைட்டில் பொது. இந்தப் பங்கீட்டை மிஞ்சிய ஒன்றை நான் பார்த்ததில்லை.

தனித்தன்மை எப்போதும் செலவு வைக்கும் என்பதும் இல்லை. அமேசானின் ரூட் 53 டிஎன்எஸ் சேவையில் 2,048 மெய்நிகர் பெயர்ச் சர்வர்கள். ஒவ்வொரு வாடிக்கையாளர் டொமைனுக்கும் அவற்றில் 4. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஏறத்தாழ 73,000 கோடி. எனவே ஒவ்வொருவருக்கும் வேறெவருக்கும் இல்லாத நான்கைக் கொடுத்துவிட முடியும். ஒருவர்மேல் தாக்குதல் வந்து அவருடைய நான்கும் மூழ்கினாலும், மற்ற ஒருவருக்கும் நான்கும் சேர்ந்து போகாது. இருப்பவை எல்லாம் பொதுச் சொத்து, சேர்க்கை மட்டும்தான் தனிச் சொத்து.

இந்தச் சேர்க்கை வித்தை இப்போது செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் வரை வந்துவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகப் பழக்கிய முழு மாதிரியை வைப்பது நடக்காத காரியம். 2021-இல் வந்த லோரா முறையில், அடி மாதிரியைத் தொடாமல் அதன்மேல் ஒட்டும் ஒரு சின்னப் பகுதியை மட்டும் பழக்குகிறார்கள். ஜிபிடி-3 அளவு மாதிரிக்கு, ஆளுக்கு 350 ஜிகாபைட் என்பது 35 மெகாபைட்டாகச் சுருங்கலாம் என்று அந்தக் கட்டுரை காட்டியது. அடி ஒன்று, ஒட்டுகள் ஆயிரம்.

மொழி மாதிரிக்கு நாம் அனுப்பும் உரையான பிராம்ப்டுக்கு வைக்கும் கேஷும் இந்த வகைதான். உரையின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் பழையதோடு ஒத்துப்போகிறதோ அதுவரைக்கும் செய்த கணக்கைத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் வித்தியாசம் வந்த இடத்துக்குப் பிறகு எல்லாம் புதுக் கணக்கு. இருந்தும், முதல் வரியிலேயே பயனரின் விவரத்தையும் நொடி வரைக்குமான நேரத்தையும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே எல்லோருக்கும் பொதுவான இருபது பக்க அறிவுறுத்தலை வைக்கும் பிராம்ப்டுகளை இப்போதும் பார்க்கிறேன். வரிசையை மாற்றி, பொது மேலே, தனி கீழே என்று வைத்தால் போதும். ஒரு சொல்லைக்கூடக் குறைக்க வேண்டாம்.

இதற்கு மேல் எனக்கும் விடை தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் ஒருவரோடு பேசிய நினைவை வைத்துக்கொண்டு பதில் சொல்லும் சேவைகள் வருகின்றன. அங்கே வெவ்வேறு பதில்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையே. அந்த நினைவை வகுப்புகளாகச் சுருக்கினால் அதன் பொருளே போய்விடும், சுருக்காமல் மையத்தில் வைத்தால் இன்ட்சர்வ் ரூட்டரின் நிலைமை. குக்கியைப் போல அவரவர் சாதனத்திலேயே வைத்து, தேவையான துண்டை மட்டும் அனுப்பச் சொல்வது என் விருப்பம். ஆனால் அதற்குக் கைபேசி தொலைந்தால் நினைவும் தொலையும் என்பதற்கு ஒரு வழி செய்ய வேண்டும், வழி செய்யப் போனால் நகல் மறுபடி சர்வருக்குத்தான் வருகிறது. பூட்டிய நகலாக வைத்து, சாவியைப் பயனரிடமே விட்டுவிடலாம் என்கிறார்கள். சாவியை மறந்துவிட்டேன் என்று வருபவருக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது.